42,000 வெள்ளி ஒப்பந்தம், பாதியில் நின்ற அடுப்படி

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீடு. வாங்கியவர்கள் என் பெரியம்மா மகளும் அவர் கணவரும். செப்டம்பரில், வீட்டைப் புதுப்பிக்க, ஒரு ரெனோவேஷன் நிறுவனத்தோடு 42,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒப்பந்தம் போட்டார்கள். அக்டோபரில் ஹேக்கிங், அதாவது பழையதை இடித்தெடுக்கும் வேலை, தொடங்கியது. டிசம்பர் கடைசியில் ஆள் வருவதே நின்றுபோனது. அதுவரை அவர்கள் கொடுத்திருந்தது 37,800 வெள்ளி. வீட்டில் நடந்திருந்த வேலைக்கு அதே ஒப்பந்த விலையைப் போட்டுப் பார்த்தால் 19,500 வெள்ளிதான் தேறியது.

இடையில் நிற்கும் 18,300 வெள்ளிதான் வழக்கே. காண்ட்ராக்டர் திட்டமிட்டு ஏமாற்றினாரா, நொடித்துப்போனாரா என்று குடும்பத்தில் வாரக்கணக்கில் பேச்சு ஓடியது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தாலும் ஒரு வெள்ளி திரும்பி வந்திருக்காது. கட்டுமான நிறுவனத்தில் அளவும் விலையும் பார்ப்பது என் பிழைப்பு; கோப்பு என் கைக்கு வந்தபோது கணக்கிலிருந்துதான் ஆரம்பித்தேன். அக்கா, அத்தான் சம்மதத்தோடு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

பணம் வேலையை முந்திய இடம்

ஒப்பந்தத்தில் கட்டணம் நான்கு தவணை. கையெழுத்துப் போடும்போது 20 விழுக்காடு, 8,400 வெள்ளி. ஹேக்கிங் தொடங்கும் அன்று 40 விழுக்காடு, 16,800. ‘கார்பென்டரி அளவெடுக்கும்போது’ 30 விழுக்காடு, 12,600. வீட்டை ஒப்படைக்கும்போது மீதி 10 விழுக்காடு, 4,200.

மூன்றாவது தவணையின் வாசகத்தை இன்னொரு தடவை பாருங்கள். அலமாரி செய்து கொண்டுவந்தால் பணம் என்று அதில் இல்லை. பலகை வெட்டினால் என்றும் இல்லை. ஒருவர் அளவு நாடாவோடு வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாலே 12,600 வெள்ளி தர வேண்டும். கார்பென்டரிதான் இந்த வீட்டில் மிகப் பெரிய செலவு, தனியாக 15,500 வெள்ளி. அதில் ஒரு ஆணிகூட அடிக்கும் முன்பே மொத்த ஒப்பந்தத்தில் 90 விழுக்காடு போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு காண்ட்ராக்டருக்கு இந்த வீட்டிலிருந்து வர வேண்டியது 4,200 வெள்ளி மட்டும். அவர் செய்ய வேண்டிய வேலையோ 22,500 வெள்ளிக்கு. எந்த வியாபாரியாக இருந்தாலும் அந்த நிலையில் அடுத்த வீட்டு முன்பணத்தைத் தேடித்தான் போவார்.

சரி, படித்தவர்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டார்கள்? தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று பெரியம்மா நாள் குறித்துவிட்டார். நவம்பரில், தன்னை ‘ஐடி’ (இன்டீரியர் டிசைனர்) என்று சொல்லிக்கொள்ளும் அந்த நிறுவனத்து விற்பனை ஆள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார். சீனப் புத்தாண்டுக்கு முன் பட்டறைகள் எல்லாம் நிரம்பிவிடும், இந்த வாரம் அளவெடுத்துப் பணம் கட்டினால்தான் இடம் பிடிக்க முடியும் என்று. அதில் முழுப் பொய் ஒன்றும் இல்லை. புத்தாண்டை ஒட்டி இங்கே பட்டறையும் சரக்கும் ஆளும் இறுகிப்போவது உண்மைதான். உண்மையைச் சொல்லி அவசரப்படுத்துகிறவரைச் சந்தேகிப்பது கஷ்டம்.

நின்ற விதம்

ஒரே நாளில் ஓடிப்போகும் காண்ட்ராக்டர்கள் குறைவு. பெரும்பாலும் மெல்ல மெல்லத் தேய்கிறார்கள். முதலில் சப்ளையர் தாமதம் என்றார். அப்புறம் பெயின்டர் எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில், இருக்கிறார் என்றார். பிறகு ஜோகூர் பட்டறையில் இயந்திரம் கோளாறு. கடைசியில் இரண்டு நீலக் கோடு மட்டும் வரும், பதில் வராது.

விஷயம் உடைந்தது டைல் ஒட்டுகிறவர் மூலமாக. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. இன்னொரு நிறுவனத்தின் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர். அந்த நிறுவனம்தான் இந்த வீட்டுக்குத் துணைக் காண்ட்ராக்ட். பின்பக்கக் குளியலறையில் பாதிச் சுவர் வரை டைல் ஏறியிருந்தது. சாமான்களை எடுத்துப்போக வந்தவர், “எங்க கம்பெனிக்கே ரெண்டு பில்லு வரலக்கா. பாஸ் இனிமே இங்க வேலை வேணாம்னுட்டாரு” என்று சொல்லிவிட்டு, சங்கடத்தோடு இன்னொன்றும் சொன்னார்: நேரடியாகக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துத் தருகிறேன் என்று.

அக்காவுக்கு ஆசைதான். வேண்டாம் என்று தடுத்தோம். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் பெர்மிட்டில் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வெளியே செய்தால் அவருடைய பிழைப்பே போகும்; வேலை வாங்கியவரும் சட்டத்தில் மாட்டுவார். போதாக்குறைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரெனோவேஷன் வேலையே செய்யக் கூடாது. வேறு காண்ட்ராக்டர் விட்டுப்போன வீடுகளில் இந்த மாதிரி நேரடிப் பேரம் நடக்காமல் இல்லை. ஆனால் நாளைக்கு நடுவர் மன்றத்தில் போய் நிற்கப்போகிறவர் கை சுத்தமாக இருப்பது நல்லது.

அதே வாரம் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா மேலே வந்தார். தன் குளியலறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத் திட்டு என்று கைபேசியில் படம் காட்டினார். கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. அக்காவுக்கு அதுதான் அதிகம் வலித்தது. பின்பக்கக் குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங் பூசியிருந்தார்கள், ஆனால் தண்ணீர் தேக்கிச் சோதித்ததற்கு ஒரு படமோ குறிப்போ இல்லை. இனிக் காத்திருக்க முடியாது என்பதை முடிவு செய்தது பால் காய்ச்சும் நாள் கிடையாது, அந்த ஈரத் திட்டுதான்.

அளந்த பிறகுதான் கடிதம்

அத்தான் உடனே போய்ப் பூட்டை மாற்றிவிட நினைத்தார். மாற்றியிருந்தால், ‘நான் வேலை செய்யத் தயார், அவர்கள்தான் கதவைப் பூட்டிவிட்டார்கள்’ என்று காண்ட்ராக்டர் சொல்ல வழி கிடைத்திருக்கும். ஒப்பந்தத்தை யார் முறித்தார் என்ற கேள்வி தலைகீழாகத் திரும்பியிருக்கும்.

அதனால் முதல் வேலை வீட்டை அளப்பது. ஒப்பந்தத்தோடு வந்த விலைப்பட்டியலை வரி வரியாக எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒன்று: முடிந்தது, பாதி, தொடவே இல்லை. ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு படம், பக்கத்தில் போய் ஒரு படம். அடுப்படிச் சுவரில் அலமாரி வர வேண்டிய இடத்தில் பென்சில் கோடு மட்டும் இருந்தது, அதையும் எடுத்தோம். தொடாத வேலைக்கும் பாதி வேலைக்கும் ஒப்பந்த விலையில் வந்த கணக்கு இது: கார்பென்டரி 15,500, பின்பக்கக் குளியலறையில் மீதி 2,900, பெயின்ட் 1,600, கதவுகள் 1,200, விளக்கு மாட்டுவது 900, கடைசிச் சுத்தம் 400. ஆக 22,500 வெள்ளி.

இந்தத் தாளைப் பின்னால் யாரும் மறுக்கவில்லை. காண்ட்ராக்டரின் சொந்த விலைப்பட்டியலிலிருந்து எடுத்ததாயிற்றே.

அப்புறம் கடிதம். ஒரே பக்கம். எந்தத் தேதி ஒப்பந்தம், எவ்வளவு கொடுத்தோம், என்னென்ன மீதி, 14 நாளுக்குள் ஆள் வந்து வேலை தொடங்காவிட்டால் நீங்களே ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு வேறு ஆளை வைத்து முடிப்போம், ஆகும் கூடுதல் செலவை உங்களிடம் கேட்போம். நிறுவனத்தின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபால், மின்னஞ்சல், வாட்ஸ்அப், மூன்றிலும் போனது. திட்டு ஒன்றும் இல்லை. அத்தான் எழுதிய முதல் வரைவில் இருந்த பெயரடைகளை எல்லாம் நான் அடித்துவிட்டேன். இன்றுவரை அவருக்கு அதில் வருத்தம்.

பதிவு முகவரி எடுக்க, நிறுவனப் பதிவுகளுக்கான அரசு இணையத்தளமான பிஸ்ஃபைலில் 5.50 வெள்ளி கட்டி நிறுவனத்தின் விவரத்தாளை வாங்கினோம். பார்க்க வேண்டியது இரண்டு. நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அது என்ன வகை. ஒரே ஆள் பெயரில் உள்ள தனிநபர் வியாபாரமாக இருந்தால் உரிமையாளரின் சொந்தச் சொத்து வரை பொறுப்பு நீளும். பிரைவேட் லிமிடெட் என்றால் கடன் நிறுவனத்தோடு நின்றுவிடும்; இயக்குநர் வீட்டு வாசலில் பென்ஸ் நின்றாலும் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது பிரைவேட் லிமிடெட். உயிரோடுதான் இருந்தது. நிறுவனம் கலைப்புக்குப் போய்விட்டால் வழக்குகள் நின்றுவிடும், கடன்காரர்கள் வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஆக, முழுத் தொகையைப் பிடிவாதமாகக் கேட்பதா, கையில் கிடைப்பதைச் சீக்கிரம் வாங்குவதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த 5.50 வெள்ளித் தாளிலேயே இருந்தது.

யாரிடம் போவது

வீவக பட்டியலில் உள்ள காண்ட்ராக்டர்தானே என்று அக்கா முதலில் அங்கேதான் கேட்டார். வீவக வீட்டில் வேலை செய்ய அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது விதி. அனுமதி இல்லாமல் சுவரை இடித்தால் வீவக கேட்கும். பணத் தகராறில் அது தலையிடாது. ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும்.

போலீஸ் புகாரும் கொடுத்தார்கள். மோசடி என்று நிற்க வேண்டுமானால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். பாதி வீட்டைக் கட்டிக் கொடுத்திருப்பவர்மேல் அதை நிறுவுவது கடினம். சிவில் விவகாரம் என்றார்கள்.

கேஸ் என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் சங்கம் எழுதிக் கேட்கும், சமரசம் பேசும். வா என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அதே சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற ரெனோவேஷன் நிறுவனமாக இருந்தால் முன்பணத்துக்கு ஒரு உத்தரவாதப் பத்திரம் இருக்கும். ஆனால் அது நிறுவனம் மூடப்படும்போது உதவுவது. இந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதும் இல்லை, மூடவும் இல்லை.

மிஞ்சியது ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று எல்லாரும் சொல்லும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, இரு தரப்புக்கும்தான். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

எவ்வளவு கேட்பது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அத்தானின் முதல் எண்ணம், கொடுத்த 37,800-ஐயும் திருப்பிக் கேட்பது. நடந்த வேலை சுவரிலும் தரையிலும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கேட்டால் எடுபடாது. அக்கா சொன்னது 18,300, அதாவது கொடுத்ததிலிருந்து நடந்த வேலையைக் கழித்தது. அது நியாயம்தான், ஆனால் குறைவு.

ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் அவர்கள் எந்த நிலையில் இருந்திருப்பார்களோ, அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்பதுதான் சட்டம் பார்க்கும் அளவு. வேறு ஆளை வைத்து வீட்டை முடிக்க ஆகும் செலவை எடுக்க வேண்டும். பழைய காண்ட்ராக்டருக்கு இன்னும் கொடுக்காமல் மிச்சமிருக்கும் பணத்தை அதில் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று இடத்தில் விலை கேட்டார்கள், நடுவாந்தரமாக வந்தவரை எடுத்தார்கள். கார்பென்டரி 17,800, குளியலறை 3,600, பெயின்ட் 1,900, கதவு 1,300, விளக்கு 1,000, சுத்தம் 400. மொத்தம் 26,000. குளியலறையில் பழைய டைலை எடுத்துவிட்டு வாட்டர்ப்ரூஃபிங்கை முதலிலிருந்து பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்த செலவும் இதில் அடக்கம். கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தண்ணீரை வடித்தார்கள்.

26,000-த்தில் கொடுக்காத 4,200-ஐக் கழித்தால் 21,800 வெள்ளி. அக்காவின் கணக்குக்கும் இதற்கும் 3,500 வித்தியாசம். அது புதிய ஆளின் விலை ஏற்றம். நொந்துபோன மனசுக்கு ஆறுதலாக அடுப்படி மேடையைக் குவார்ட்ஸ் கல்லாக மாற்றிக்கொண்டார் அக்கா. அந்தக் கூடுதல் 1,100 வெள்ளிக்குத் தனி பில் வாங்கச் சொன்னேன். ஒப்பந்தத்தில் இல்லாத கல்லுக்குப் பழைய காண்ட்ராக்டர் காசு தர வேண்டியதில்லை. அந்த ஒரு வரி கணக்கில் கலந்திருந்தால் மற்ற வரிகள்மேலும் சந்தேகம் விழும்.

21,800 என்பது 20,000 வரம்பைத் தாண்டுகிறது. வழக்கை இரண்டாக உடைத்துப் பதிய முடியாது. 30,000 வரம்புக்கு எதிர்த்தரப்புச் சம்மதம் வேண்டும். பதிலே போடாதவர் சம்மதக் கடிதம் போடவா போகிறார்? 1,800-ஐ விட்டுவிட்டு 20,000-க்குப் பதிந்தார்கள். கட்டணம் ஒரு விழுக்காடு, 200 வெள்ளி.

பால் காய்ச்சிய படம்

பெரியம்மா நல்ல நாளை விடவில்லை. அலமாரி இல்லாத அடுப்படியில் இரண்டு டைல் பெட்டியை அடுக்கி, மேலே மின்னடுப்பை வைத்து, தை மாதம் குறித்த நேரத்தில் பால் பொங்கிவிட்டது. யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

நீதிமன்ற அமர்வுக்கு நிறுவனத்தின் இயக்குநர் வந்தார். வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கையில் அச்செடுத்த அந்தப் படம். வீட்டில் குடியேறிவிட்டார்கள், பூசையும் நடந்துவிட்டது, ஆகவே வேலையை ஏற்றுக்கொண்டாயிற்று என்பது அவர் வாதம். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டதாம். அக்கா அந்தப் படத்தை வாங்கி மேசைமேல் திருப்பி வைத்து, பால் பாத்திரத்துக்குப் பின்னால் தெரியும் சுவரைக் காட்டினார். பூசாத சிமெண்டு, பென்சில் கோடு, தொங்கும் வயர். படத்துக்குத் தேதியும் இருந்தது. ஒப்படைத்ததாகச் சொல்லும் நாளில் அடுப்படியில் ஒரு கதவுகூட இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை நாங்கள் யாரும் எடுத்திருக்கவில்லை. என் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

மூலப்பொருள் விலை ஏறியது, வரைபடத்தை இரண்டு தடவை மாற்றினார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். வரைபடம் மாறியது உண்மை. அதற்குத் தனியாக 600 வெள்ளி வாங்கியதற்கு வாட்ஸ்அப்பில் சான்று இருந்தது. அதை நிறுவனக் கணக்கில் வாங்காமல் ஐடி தன் சொந்த பேநவ் எண்ணில் (கைபேசி வழிப் பணப் பரிமாற்றம்) வாங்கியிருந்தார். அது இயக்குநருக்கே புதுச் செய்தி போலத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

13,000 வெள்ளிக்கு முடிந்தது. உடனே 4,000, பிறகு மாதம் 1,500 வீதம் ஆறு மாதம். 20,000-க்கு விசாரணை வரை போயிருக்கலாம். வென்றும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் 20,000-க்கு ஆணை வாங்கி வெறும் கணக்கைப் பிடிப்பதைவிட, நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 13,000-ஐ வாங்கத் தொடங்குவது மேல் என்று அக்கா முடிவெடுத்தார். பேசி முடித்ததை நீதிமன்ற ஆணையாகப் பதிவு செய்துகொண்டார்கள். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்ற வரியையும் கேட்டு வாங்கினார்கள். வெறும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், தவணை நின்றதும் முதலிலிருந்து வழக்குப் போட வேண்டியிருந்திருக்கும்.

தவணை நின்றது. நான்கு மாதம் ஒழுங்காக வந்தது, ஐந்தாவது வரவில்லை. 10,000 வந்துவிட்டது, 3,000 நிற்கிறது. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு குவார்ட்ஸ் கல் நீங்கலாக 63,800. வந்ததைக் கழித்தால் 53,800. ஒப்பந்தத்தைவிட 11,800 வெள்ளி அதிகம்.

அந்த 3,000-த்துக்கு அமலாக்க ஆணை கேட்கலாமா என்பதில் அத்தானுக்கும் எனக்கும் கருத்து வேறு. நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃபை அனுப்பி அலுவலக மேசை நாற்காலியைப் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்கூட்டிக் கட்ட வேண்டிய செலவுக்கும் வாடகை அலுவலகத்துப் பழைய சாமானுக்கும் சரியாகிவிடும். வங்கிக் கணக்கை முடக்கக் கேட்பது வேறு விஷயம். முதல் தவணைக்கு வந்த இன்வாய்ஸில் நிறுவனத்தின் வங்கியும் கணக்கு எண்ணும் அச்சாகியிருந்தன. பிஸ்ஃபைலில் இன்னொரு 5.50 வெள்ளி கட்டிப் பார்த்தார்கள். நிறுவனம் இன்னும் இருக்கிறது. அந்த இன்வாய்ஸின் நகலோடு விண்ணப்பம் போயிருக்கிறது.